கேட்டால் மட்டும் சொல்பவள்

அவளை நான் முதலில் கண்டது கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில். மடியில் ஒரு பை, கையில் மடித்த குடை, ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"இது மடுல்கெல்ல பஸ்ஸா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கடலை விற்பவர் வந்தார், போனார். பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த பஸ் ஏன் இன்னும் எடுக்கல?"

"பழுதாப் போச்சு. மெக்கானிக் வரோணும். முன்னுக்கு நிண்டதும் மடுல்கெல்ல பஸ்தான்."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் இது மடுல்கெல்ல பஸ்ஸோ எண்டுதானே கேட்டனீங்கள்."

"நீங்க ஏன் அதுல போகல?"

"அதிலை சரியான சனம். எனக்கு அவசரமில்லை."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, திமிரும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் பஸ் புறப்பட்டு, வளைவுகளில் குலுங்கி ஏறும்போதுதான் இருவரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தது. அதையும் நான்தான் கேட்டேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. சிறுத்தைகளைப் பாதுகாக்கும் தொண்டர் திட்டம் ஒன்றுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்திருந்தேன். பிலிமத்தலாவையில் கடையில் வேலை செய்யும் என் அப்பா, "நம்ம ஆளுங்க புலிக்கு பயந்து ஓடுனாங்க. நீ அதத் தேடிப் போற" என்று சிரித்தார். தோட்டத்துப் பேச்சில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பெயர். அம்மாவின் சொந்தங்கள் இன்னும் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதனால் மடுல்கெல்ல பக்கம் எனக்கு ஒன்றும் வேற்றூர் இல்லை.

அவள் கண்டி நகரத்தில் வளர்ந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா ஏதோ அரசாங்க அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். வீட்டில் யாராவது கேட்டால்தான் பிள்ளைகள் பேச வேண்டுமாம். அதுவும் உள்ளதை மட்டும். அவளுடைய பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தோட்டத்தின் மேல் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில், பழைய உத்தியோகத்தர் வீடு ஒன்றில் எங்களைத் தங்க வைத்தார்கள். திட்டத்தின் பொறுப்பாளரை நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். கொழும்பிலிருந்து வந்தவர், தன்மையான மனிதர். அட்டை கடித்து நாங்கள் கத்தினால் தானே குனிந்து உப்புத் தடவி எடுத்துவிடுவார். முதல் நாள் மாலை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஏன் இதில் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். ஒருத்தி இயற்கை என்றாள். நான் சிறு வயதிலிருந்தே மிருகங்கள் பிடிக்கும் என்றேன். அவளுடைய முறை வந்தது.

"வீட்டிலை இருக்க ஏலாது. அதோடை சேர்ட்டிபிகேட் தருவீங்கள் எண்டு போட்டிருந்தது."

சேர் விழுந்து விழுந்து சிரித்தார். "உண்மை பேசுற ஒரு ஆளாவது வந்திருக்கே" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னவோ செய்கிறது.

எங்கள் வேலை, காட்டோரமாக நடந்து சுருக்குக் கம்பிகளைத் தேடி வெட்டுவது. தோட்டத்து ஆட்கள் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுவார்கள். அதைக் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். பன்றியைப் பிடிக்கப் பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியை வளையமாக முறுக்கி, பன்றி வரும் தடத்தில் கட்டிவைப்பார்கள். பன்றி மாட்டினால் கறி. சில நேரம் அதே வழியில் சிறுத்தை வரும். இடுப்பில் விழுந்த கம்பி, இழுக்க இழுக்க இறுகும்.

இன்னொரு வேலை, மரங்களில் கட்டிய கமராக்களில் விழுந்த படங்களைப் பார்ப்பது. ஒருமுறை பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். திரையில் மங்கலாக ஒரு வால் தெரிந்தது. "இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" என்று சேர் குரலை உயர்த்தினார். பிள்ளைகள் "புலி! புலி!" என்று குதித்தார்கள். சேர் சும்மா இருந்திருக்கலாம். பின்னால் நின்ற அவளைப் பார்த்து, "அக்கா சொல்லுவாங்க, என்ன இது?" என்றார்.

"நாய்."

பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் அவளைத் திட்டினோம். அவளோ, "நாய்தானே?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். நாய்தான்.

எங்களுக்குப் பகல் சாப்பாடு லயத்தில் ஓர் அக்காவின் வீட்டில். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கை கழுவின ஈரத்தோடு எங்களுக்குப் பரிமாறுவார். அவருடைய புருஷன் அதிகம் பேசாதவர். சாப்பிடும்போது எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். நாங்கள் எதைச் சாப்பிட்டாலும் "சூப்பர் அக்கா" என்போம். ஒரு நாள் அக்கா அவளிடம் கேட்டார்.

"ஏம் புள்ள, உப்பு சரியா இருக்கா?"

"கூடிப் போச்சு அக்கா."

நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். அக்கா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "அடியாத்தி, ஆமா! இவ்வளவு நாளா தின்னுட்டு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கையை ஓங்கினார். அன்றிலிருந்து அக்காவுக்கு அவள்தான் எல்லாவற்றுக்கும். இந்தச் சேலை நல்லா இருக்கா, மகன் படிப்பானா, இந்த மருந்து எதுக்கு, எல்லாம் அவளிடம்தான் கேட்பார். "இதுகிட்ட கேட்டா கேட்டதுதான். ஏமாத்தாது" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிப் பெருமைப்படுவார். போகும்போது அவளுக்கு மட்டும் தனியாக ஒரு ரொட்டியைச் சுற்றிக் கொடுப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒரு நாள் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கீழே மலையில் பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது. கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "புலி கம்பியில கெடக்கு! உசுரோட கெடக்கு!"

ஓடினோம். நான் அதுவரை சிறுத்தையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு சவுக்கு மரத்தடியில் அது கிடந்தது. மரத்தைச் சுற்றி மண்ணெல்லாம் கிளறி, செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தன. கம்பி இடுப்பில் இருந்தது. எங்களைக் கண்டதும் பாய்ந்தது. கம்பி இழுத்து அந்தரத்தில் நிறுத்தி, அப்படியே கீழே அடித்தது. அது போட்ட சத்தம் உறுமல் இல்லை. என்ன சத்தம் என்று என்னால் எழுத முடியவில்லை. மறுபடியும் பாய்ந்தது. மறுபடியும் விழுந்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சேர் போனில் வனவிலங்கு அதிகாரிகளைக் கூப்பிட்டு, இடத்தின் பெயரை இரண்டு தரம் தப்பாகச் சொன்னார். அவள் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வனவிலங்கு அதிகாரிகள் வந்து சேர வெகுநேரம் ஆனது. மிருக வைத்தியர் மயக்க ஊசி சுட்டார். கம்பியை வெட்டி, சாக்கில் வைத்துத் தூக்கினார்கள். வண்டி வரை கொண்டுபோகவில்லை. வைத்தியர் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உள்ளே எல்லாம் நசுங்கிப் போயிருக்கும் என்றார். மூடாத கண்களில் ஈ வந்து உட்கார்ந்தது. ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

தோட்டமே அங்கே கூடியிருந்தது. அக்காவும் நின்றார். அவருடைய புருஷன் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓர் அதிகாரி வெட்டிய கம்பியைத் தூக்கிக் காட்டினார். கம்பியின் ஒரு முனையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் உறை இருந்தது. யார் வைத்தது என்று சிங்களத்தில் கேட்டார், பிறகு உடைந்த தமிழில் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா, யார் வைத்தது?" என்றார்.

நாங்கள் இல்லை என்று தலையை ஆட்டினோம். எனக்கு உண்மையாகவே தெரியாது.

"தெரியும்" என்றாள் அவள்.

அவள் கையை நீட்டிக்கூடக் காட்டவில்லை. அந்த அக்காவின் புருஷன் என்றாள். கை கழுவப் பின்பக்கம் போனபோது அவர் இந்தப் பச்சை உறை போட்ட கம்பியை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றாள். பஸ்ஸில் என்னிடம் பேசிய அதே குரல்.

அவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். அண்ணன் மறுக்கவில்லை. கட்டிய கையை அவிழ்த்துத் தொங்கவிட்டார். அவரை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா வண்டிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு நின்று திரும்பி அவளைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து என் தோளில் பட்டது. சேர் எங்களை இழுத்துக்கொண்டு மேலே ஓடினார்.

அன்று முழுதும் யாரும் அவளோடு பேசவில்லை. நானும்தான். அந்த லயத்து ஆட்கள் என் ஆட்கள். நாளைக்கு என் மாமாவையும் இப்படித்தான் கை காட்டுவாளா? அதே நேரம், செத்த சிறுத்தையின் கண் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி எது, பிழை எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் மூலையில் உட்கார்ந்து காலணியிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் சேர், ஊரோடு பகை வேண்டாம், போய் ஆறுதலாகப் பேசிவிட்டு வருவோம் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். வாசல்களில் பெண்கள் நின்றார்கள். சேர் பேசத் தொடங்கினார். எங்களுக்கும் கவலைதான், சட்டம் அப்படி, இனி இப்படி நடக்காமல் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நல்லாத்தான் பேசினார். அக்கா உள்ளேயிருந்து வந்தார். தலை வாரவில்லை. சேரைக் கடந்து நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"எம்புருசன் கம்பி வச்சது தப்புத்தான். பன்னி எங்க போஞ்சிக்காய், கெழங்கு எல்லாத்தையும் தின்னுட்டுப் போகுது, அதுக்கு வச்சாரு. சரி. நீங்க தெனமும் இந்த மலையெல்லாம் சுத்துறீங்க. கம்பி வெட்டத்தானே வந்தீங்க? இந்த ஒரு கம்பி மட்டும் ஒங்க கண்ணுல படலியா புள்ள?"

"பட்டது அக்கா."

சேர் சட்டென்று திரும்பினார். "தங்கச்சி, இப்ப வேணாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கேட்டது அக்கா. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"முதல்லை நானும் சேரும்தான் கண்டனாங்கள். வெட்டப் போனன். சேர் வேண்டாம் எண்டவர். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலையிருந்து ஆக்கள் வரினம், திட்டத்துக்கு உதவி செய்யிற ஆக்கள், அவைக்கு முன்னாலை வெட்டினா வீடியோ எடுக்கலாம் எண்டவர். அதுவரைக்கும் ஒண்டும் மாட்டாமல் வளையத்தைக் காட்டுக் கொடியாலை கட்டி வைச்சவர்."

எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"கட்டி வச்சா அப்புறம் எப்படி மாட்டுச்சு?" அக்காவின் குரல் சன்னமாகிவிட்டது.

"அந்தக் கொடி பத்தாது. இழுத்தா அறுந்திடும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே புள்ள?"

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னை விட்டு ஓர் அடி அக்கா பக்கம் நகர்ந்தாள்.

"சேர் என்னட்டைக் கேக்கேல்லை அக்கா. நான் சொல்லேல்லை."

கல்லடி பட்டதைவிட அது வலித்தது. குட்ஷெட்டில் ஓடாத பஸ்ஸில் என்னை உட்கார வைத்த அதே பதில். அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இன்று அதனால் ஒரு உயிர் மரத்தைச் சுற்றிச் சுற்றிச் செத்திருக்கிறது, ஒரு மனிதர் சிறையில் இருக்கிறார். சேரும் அக்காவும் பெரிய குணம் என்று கொண்டாடியதன் மறுபக்கம் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று யார் நினைத்தது?

சேர் வெளுத்துப் போய் நின்றார். "நான் நல்லதுக்குத்தான்... உதவி நின்னுட்டா திட்டமே இல்லாமப் போயிரும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அதே விஷயத்தை அதிகாரிகள் வந்து கேட்டபோதும் அவள் சொன்னாள், தன் பங்கையும் விடாமல். திட்டம் அந்த வாரமே நின்றது. கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை. சேரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று கேள்வி. அதற்குமேல் எனக்குத் தெரியாது. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய அப்பா காரில் வந்து இறங்கினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், "உனக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

"இருந்திருக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அம்மா கோழி அடிக்கச் சொன்னால்கூட வெளியே போய்விடுவேன். அவள்மேல் கோபம் இருந்தது. யாரிடமாவது இதைப் பேச வேண்டும்போலவும் இருந்தது. பேசுவதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை. ஒரு நாள் போன் எடுத்து, நாளைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மடுல்கெல்லைக்குப் போறன்."

"எதுக்கு?"

"அண்ணையைப் பிணையிலை விட்டிட்டினமாம். பாக்கோணும்."

"அடிச்சிருவாங்க."

"அடிக்கலாம்."

தனியாக விட மனம் வரவில்லை. நானும் போனேன்.

லயத்துக்குள் நுழைந்ததும் பேச்சுகள் நின்றன. ஒரு பெண் காறித் துப்பினார். அக்காவின் வீட்டு வாசலில் அண்ணன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். கத்தி கையிலேயே இருந்தது. நான் அவளுடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் அசையவில்லை. அக்கா வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மன்னிச்சுக்கோங்க அது இதுன்னு சொல்ல வந்தியா?" என்றார் அண்ணன்.

"ஓம்."

"உள்ள இருக்கும்போது ஒறங்க முடியல. ஒம்மேல ஆத்திரம். அத விட அந்தப் புலி கத்துனது. வீட்டுல இருந்தா இங்கேயும் கேக்குது." கத்தியை இடுப்பில் செருகினார். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் வச்சது மேல இன்னும் ரெண்டு கெடக்கு. பாறைக்கு அந்தப் பக்கம். ஒங்க ஆளுங்க யாரும் அங்க வந்ததில்ல. அந்த ஆபிசருங்களும் கேக்கல. வா."

அக்கா, "ஏங்க!" என்றார். வெளியே தெரிந்தால் இன்னும் இரண்டு வழக்கு வரும். அவர் நிற்கவில்லை. தேயிலைக்குள் இறங்கி மேலே நடக்கத் தொடங்கினார். அவள் பின்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால்.

முதல் கம்பி ஒரு கொய்யா மரத்தடியில், சருகுக்குள். அவர் தாடையால் காட்டினார். அவள் குனிந்து வெட்டினாள். முதல் தரம் வெட்டுப்படவில்லை. அவர் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொடுத்தார். வெட்டியதும் சுருட்டி அவளுடைய பைக்குள் போட்டார். அவள் மணிக்கட்டில் கம்பி கீறி இரத்தம் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்ததற்குப் பாறையைத் தாண்ட வேண்டும். மழை பெய்த ஈரம். அண்ணன் முன்னால் போனார், ஒரு கல்லில் காலை வைக்கப் போனார்.

"அண்ணை, அதிலை மிதியாதேங்கோ! அது ஆடுது!"

மலையே அதிர்வதுபோல ஒரு கத்தல். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் தூக்கிய காலோடு நின்றார். கல்லை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அது பெயர்ந்து, தேயிலைச் செடிகளில் மோதி மோதி, கீழே வெகுதூரம் உருண்டு போனது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.